மூன்றாம் அத்தியாயம்: மடங்க வேண்டிய இடம்

தண்ணீர் கேன் வந்து வாசலில் இருக்கிறது. காலிக் கேனை எடுத்துவிட்டு, புதியதைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்க்க வேண்டும். 20 லிட்டர் என்றால் 20 கிலோ. கேனின் எடை தனி. நகரத்து வீடுகளில் வாரம் இரண்டு மூன்று தடவை நடக்கிற வேலை. பெரும்பாலோர் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். முழங்கால் விறைப்பாக நிற்கும், முதுகு வில்லாக வளையும், மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது அப்படித்தான். அப்போது நான் ஐந்து வருடமாக டம்பெல் தூக்கிக்கொண்டிருந்தவன். கையில் பலம் இருந்தது; குனியத் தெரிந்திருக்கவில்லை. நான்கு நாள் படுத்த படுக்கை. கட்டிலிலிருந்து எழ அம்மாவின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இந்த அத்தியாயத்தில் கெட்டில்பெல்லின் ஆதாரமான அசைவு, ஸ்விங், வரப்போகிறது. பெல்லைத் தொடுவதற்கு முன்பே சரியாகக் குனியக் கற்க வேண்டும். தொப்பை கரைய வேண்டும் என்ற அவசரத்தில் வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் பொறுமை இழப்பார்கள். தயவுசெய்து இழக்காதீர்கள். ஸ்விங் உங்களுக்கு உதவுமா, முதுகைக் கெடுக்குமா என்பது இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்தது.

சந்தையிலிருந்து வந்த எடைக்கல்

கெட்டில்பெல் உடற்பயிற்சிக்காகச் செய்யப்பட்ட பொருள் அல்ல. ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுத்த எடைக்கல் அது. அங்கே அதன் பெயர் கிர்யா. பழைய ரஷ்ய அளவான ஒரு பூட் என்பது 16.38 கிலோ. இன்று நம் ஊர்க் கடையில் 16, 24, 32 கிலோ பெல்கள் இருப்பதற்கு அதுதான் காரணம்: ஒரு பூட், ஒன்றரைப் பூட், இரண்டு பூட். பீட்டர்ஸ்பர்க் மருத்துவர் விளாதிஸ்லாவ் கிரயேவ்ஸ்கி 1885இல் பளு தூக்குவோருக்காக ஒரு வட்டம் தொடங்கினார். ரஷ்யாவில் பளு தூக்கும் விளையாட்டின் தொடக்கமாக அதையே சொல்வார்கள். மின்ஸ்க் நகரத்துக்காரரான பாவெல் சாட்சுலின் 2001இல் அமெரிக்காவில் எழுதி வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகுதான் இது உலகெங்கும் வீடுகளுக்குள் வந்தது.

எடையை ஆட்டிப் பயிற்சி செய்வது நமக்குப் புதிதல்ல. கர்லாக்கட்டை சுழற்றிய கைகள் நம் தாத்தாக்களுடையவை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கர்லாக்கட்டை தோளைச் சுற்றி ஓடும். கெட்டில்பெல் இரண்டு கால்களுக்கு நடுவே போய் வரும். அதைத் தள்ளுவது தோள் அல்ல, புட்டமும் தொடையின் பின்புறமும். டம்பெல்லில் எடை உள்ளங்கைக்கு இரு பக்கமும் சமமாக நிற்கும். கெட்டில்பெல்லில் முழு எடையும் கைப்பிடிக்குக் கீழே தொங்குவதால்தான் அது ஊஞ்சல் போல ஆடுகிறது.

எதை வாங்குவது

ஒன்று வாங்கினால் போதும். பயிற்சியே இல்லாத பெண்கள் 8 கிலோ, ஆண்கள் 12 கிலோ. ஏற்கெனவே உடலுழைப்போ பயிற்சியோ உள்ளவர்கள் முறையே 12, 16 என்று தொடங்கலாம். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 6 கிலோவும் சரிதான். 8 கிலோ என்றதும் பயப்படும் பெண்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நிறைகுடம் எத்தனை கிலோ? பத்துக்குக் குறையாது. அதை இடுப்பில் வைத்துப் படியேறியவர்களுக்கு 8 கிலோ பெரிய எடையல்ல. 2 கிலோ, 3 கிலோ பெல்லை வாங்காதீர்கள். அவ்வளவு லேசான எடையைக் கையே தூக்கிவிடும். புட்டத்துக்கு வேலையே இருக்காது, ஸ்விங் கடைசிவரை பிடிபடாது.

வார்ப்பிரும்பில் ஒரே வார்ப்பாகச் செய்த பெல்தான் நல்லது. கைப்பிடியை உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் வேண்டாம். நாலே நாளில் உள்ளங்கையைக் கிழித்துவிடும். இரண்டு கையும் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கடியில்லாமல் பிடிக்க இடம் வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் மணலோ சிமென்ட்டோ அடைத்தது விலை குறைவு. ஆனால் அதே எடைக்கு உருவம் பெரிதாக இருக்கும், முழங்கையில் இடிக்கும். காசு இல்லையென்றால் இரண்டு மாதம் பொறுத்து இரும்பிலேயே வாங்குங்கள். அதுவரை செய்ய இந்த அத்தியாயத்தில் போதுமான வேலை இருக்கிறது.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், குடலிறக்கம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, கர்ப்பம், பிரசவமாகி சில மாதங்களே ஆன நிலை இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லாமல் தொடங்கக் கூடாது. முதுகுவலியோடு காலில் மரத்துப்போதலும் இருந்தால் அதுவும் அப்படித்தான். சர்க்கரை நோயாளிகள் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழ்ந்துபோகலாம். சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கினால் கண்ணுக்குள் ரத்தம் கசியும் அபாயம் உண்டு. ஆகவே கண் பரிசோதனை செய்து எத்தனை நாளாயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த இடுப்பு?

'இடுப்பை மடக்குங்கள்' என்று சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் முதுகை வளைக்கிறார்கள். தவறு அவர்களுடையதல்ல, சொல்லில் இருக்கிறது. நாம் இடுப்பு என்பது வேட்டியும் புடவையும் கட்டுகிற இடம். அங்கே இருப்பது முதுகெலும்பு. மடங்க வேண்டியது அதற்கும் கீழே, தொடை உடம்போடு சேர்கிற தொடைச்சந்து. உட்கார்ந்தால் பேன்ட் மடிப்பு விழுகிறதே, அந்தக் கோடு.

இரண்டு உள்ளங்கைகளையும் கத்தி போல நிமிர்த்தி, சுண்டுவிரல் பக்கத்தை அந்தக் கோட்டில் வையுங்கள். இப்போது இரண்டு கையிலும் மளிகைப் பை இருக்கிறது, பின்னால் திறந்து கிடக்கும் கதவைப் பின்பக்கத்தால் தள்ளி மூட வேண்டும் என்று எண்ணிக்கொண்டு புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கை மடிப்பில் சிக்கி நசுங்க வேண்டும். முழங்கால் கொஞ்சம் மட்டும் இளகும், முன்னால் ஓடாது. நெஞ்சு தானாக முன்சாயும். தொடையின் பின்புறம் ரப்பர் இழுபடுவது போல விண்ணென்று இருந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

சுவர் இதற்கு நல்ல ஆசிரியர். சுவருக்கு முதுகு காட்டி ஒரு சாண் தள்ளி நின்று, புட்டம் சுவரைத் தொடும்வரை பின்னுக்குத் தள்ளி எழுங்கள். பத்துத் தடவை. பிறகு நாலு விரற்கடை முன்னால் நகர்ந்து இன்னொரு பத்து. இனித் தொட முடியாது, விழுந்துவிடுவோம் என்ற இடம் வரும். அதற்குச் சற்று முன்புள்ள தூரமே உங்கள் அளவு.

அடுத்து மாப் கம்பு. முதுகோடு சேர்த்து நெட்டாகப் பிடியுங்கள். பின்னந்தலை, இரண்டு தோள்பட்டைக்கு நடுவில், புட்டத்துக்கு மேலே உள்ள எலும்பு என மூன்று இடத்தில் கம்பு பட வேண்டும். குனியும்போது மூன்றில் ஒன்று விலகினாலும் முதுகு வளைகிறது என்று பொருள். விலகாமல் எவ்வளவு குனிய முடிகிறதோ அவ்வளவு போதும். தினமும் காலையில் ஐந்து நிமிடம், பத்து நாள். நடவு வயலில் தேர்ந்த பெண்களைக் கவனித்தால் பலருக்கு முதுகு பலகை போல இருப்பதும், மடிப்பு தொடைச்சந்தில் விழுவதும் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் நாம் மறந்துபோன குனிதல் அது.

பெல்லைத் தரையிலிருந்து எடுப்பது

வெறுங்காலோடு நில்லுங்கள். நம் வீடுகளில் அது இயல்பானது, இந்தப் பயிற்சிக்கும் அதுதான் நல்லது. மெத்தென்ற ஷூவும் யோகா மேட்டும் பாதத்தை ஆட வைக்கும். கால்களைத் தோளைவிடச் சற்று அகலமாக வைத்து, இரண்டு கணுக்காலுக்கும் நேர் நடுவில் பெல் இருக்கட்டும். எல்லாரும் செய்யும் தவறு பெல்லை முன்னால் வைப்பது. எடை எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவு பாரம் முதுகுக்கு ஏறும்.

பழகிய குனிதலில் போய்ப் பிடியுங்கள். அக்குளில் ஒரு துண்டை இடுக்கிக்கொண்டது போலத் தோளை இறுக்குங்கள். வயிற்றை, யாரோ குத்தப்போகிறார்கள் என்பது போல விறைப்பாக்குங்கள். பெல்லை இழுக்காதீர்கள், பாதத்தால் தரையை அழுத்துங்கள், எழுந்துவிடுவீர்கள். மேலே வந்ததும் புட்டத்தை இறுக்கி நேராக நில்லுங்கள், பின்னால் சாயாதீர்கள். எழும்போது மூச்சு வெளியே. இறக்கும்போதும் அதே ஒழுங்கு. இதற்கு டெட்லிஃப்ட் என்று பெயர். தண்ணீர் கேனை எடுப்பதும் இதே டெட்லிஃப்ட்தான்; பெல்லில் பழகியது கேனிலும் கைகொடுக்கும்.

ஸ்விங்

டெட்லிஃப்ட் பத்துத் தடவை, மூன்று செட், முதுகு வளையாமல் செய்ய வந்துவிட்டதா? இப்போது ஆட்டலாம்.

இடத்தைப் பாருங்கள். முன்னால் டி.வி., கண்ணாடி அலமாரி, ஆள் யாரும் கூடாது. குழந்தைகள் அறைக்கு வெளியே. தலைக்குத் தேய்த்த எண்ணெய் கையில் இருந்தால் சோப்பு போட்டுக் கழுவித் துடையுங்கள். பெல் வழுக்கினால் எட்டிப் பிடிக்கவே கூடாது. விட்டுவிட்டுக் கால்களை நகர்த்துங்கள். டைல்ஸ் உடைந்தால் மாற்றலாம். கீழ்வீட்டுக்காரருக்காகவும் டைல்ஸுக்காகவும் பெல் இறங்கும் இடத்தில் மட்டும் ஒரு ரப்பர் மேட் போடுங்கள்.

டெட்லிஃப்ட் போலன்றி, இங்கே பெல்லை உங்களுக்கு ஓரடி முன்னால் வைத்து, குனிந்து இரண்டு கையாலும் பிடித்து, உங்கள் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். கால்களுக்கு நடுவே பின்னால் வீசுங்கள். பெல் முழங்காலுக்கு மேலே, தொடை உயரத்தில் போக வேண்டும். முன்கை உள்தொடையைத் தொட வேண்டும். முழங்காலுக்குக் கீழே போனால் அது முதுகைப் பிடித்து இழுக்கும். பெல் பின்னால் போய் முடிந்த அந்தக் கணத்தில் புட்டத்தைச் சட்டென்று முன்னால் தள்ளி நிமிருங்கள். பெல் தானாக மிதந்து நெஞ்சு உயரம் வரும். அதற்கு மேலே தூக்க வேண்டாம். தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்விங் ஒன்று காணொளிகளில் பார்ப்பீர்கள். தொடக்கத்தில் அது தோளுக்குக் கேடு, மேலே மின்விசிறியும் சுற்றுகிறது.

இனிக் கடினமான பகுதி: காத்திருப்பது. குழந்தையை ஊஞ்சலில் ஆட்டியிருப்பீர்கள். நம்மை நோக்கி வரும்போது தள்ளுவோமா? வந்து, நின்று, திரும்பும்போதுதான் தள்ளுவோம். பெல்லும் அப்படியே. அது இறங்கத் தொடங்கியதும் அவசரப்பட்டுக் குனியக் கூடாது. கை விலாவைத் தொடும்வரை நிமிர்ந்தே இருங்கள். தொட்டபின் புட்டத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். முன்கூட்டியே குனிந்தவருக்குத்தான் மறுநாள் முதுகு வலிக்கும்.

என்னிடம் பயின்ற ஒரு பள்ளி ஆசிரியைக்கு வயது 46. இரண்டாம் வாரம் முகம் வாடி வந்தார்.

"எங்க டீச்சர் வலிக்குது?"

"தோள்தான் தம்பி. ராத்திரி தலை வாரக்கூடக் கை தூக்க முடியல."

"தொடைக்குப் பின்னாடி?"

"அங்க ஒண்ணும் இல்லையே. வலிக்கணுமா?"

கை எடையைத் தூக்குகிறது என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்தது. ஒரு துண்டைக் கைப்பிடிக்குள் நுழைத்து, துண்டின் இரண்டு முனையையும் பிடித்து ஸ்விங் செய்யச் சொன்னேன். கையால் தூக்கினால் துண்டு மடங்கி, பெல் கீழே தொங்கும். புட்டத்தால் தள்ளினால் கை, துண்டு, பெல் மூன்றும் ஒரே கோட்டில் பறக்கும். முதல் ஐந்தும் தொங்கின. ஆறாவதில் துண்டு விறைத்து நேராக நின்றது. அவர் பெல்லை இறக்கிவைத்துவிட்டு, "கையில பாரமே இல்லையே" என்றார். அடுத்த நாள் போனில், தொடைக்குப் பின்னால் பிடித்த மாதிரி இருக்கிறது என்று மகிழ்ச்சியோடு சொன்னார். உங்களுக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் துண்டை எடுங்கள்.

கடைசி ஸ்விங் முடிந்ததும் பலர் அப்படியே முதுகை வளைத்துப் பெல்லைத் தொப்பென்று வைக்கிறார்கள். அடிபடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பின்னால் ஒரு முறை போகவிட்டு, குனிந்த நிலையிலேயே முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பிறகு எழுங்கள்.

எட்டு வாரம்

வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் இடைவெளி. திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் சுவர்க் குனிதல் பத்து, கையைச் சுழற்றுவது, நின்ற இடத்தில் இரண்டு நிமிட நடை.

முதல் இரண்டு வாரம் டெட்லிஃப்ட் பத்து வீதம் மூன்று செட். கூடவே கோப்லெட் ஸ்குவாட் ஐந்து வீதம் மூன்று: பெல்லை நெஞ்சோடு இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, முழங்கைகள் முழங்கால்களுக்கு உள்ளே வரும்வரை உட்கார்ந்து எழுவது. தரையில் குந்திப் பழகியவர்களுக்கு இது எளிது. பழக்கம் விட்டுப்போனவர்கள் பின்னால் ஒரு முக்காலி வைத்து, அதில் உட்கார்ந்து எழட்டும். பிறகு ஒரு கையை நாற்காலியில் ஊன்றி, மறு கையால் பெல்லை விலாவுக்கு இழுப்பது, பக்கத்துக்கு எட்டு. அவ்வளவே.

மூன்றாம் வாரம் ஸ்விங் சேரும். பத்து வீதம் ஐந்து செட். ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு செட் கூட்டி, எட்டாம் வாரம் பத்து செட், மொத்தம் நூறு. இடையில் ஓய்வு எவ்வளவு என்று கடிகாரம் பார்க்க வேண்டாம். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அடுத்த செட். பத்தில் எட்டாவது கோணலாக வந்தால் எட்டிலேயே நிறுத்துங்கள். தசை வலி வரலாம். கூர்மையான குத்தல், காலுக்குப் பரவும் வலி, நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நூறும் சுத்தமாக வந்து இரண்டு வாரமான பிறகு 4 கிலோ கூடுதலான பெல்லுக்குப் போகலாம்.

மற்ற நாட்களில் நடங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரை, வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கமும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும். மூன்று நாள் பெல் இரண்டாவதை நிறைவு செய்துவிடும். முதலாவதற்கு நடை வேண்டும்.

கொழுப்பு பற்றி

'20 நிமிடத்தில் 400 கலோரி' என்று விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். அந்தக் கணக்குக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் நடந்து 2010இல் வெளியான சிறிய ஆய்வு அது. பங்கேற்றவர்கள் ஏற்கெனவே கெட்டில்பெல்லில் பழகியவர்கள். செய்தது பெல்லை ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோகும் ஸ்னாட்ச், அதுவும் வேகமாக. புதிதாகத் தொடங்கும் 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஓய்வோடு சேர்த்து 20 நிமிடம் செய்தால் நான் எதிர்பார்ப்பது ஏறக்குறைய 150 கலோரி.

அதை அடுப்படிக் கணக்கில் பாருங்கள். நாளுக்கு நான்கு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 40 கிராம், 160 கலோரி. தாளிக்கும்போது கூடுதலாக ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. பயிற்சி முழுவதையும் சர்க்கரை டப்பா ஒன்றே விழுங்கிவிடும். ஆகவே இளைப்பது பெரும்பாலும் தட்டில்தான் நடக்கிறது. பெல்லின் பங்கு வேறு. சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைத்தால் கொழுப்போடு தசையும் போகும். எடைப் பயிற்சி தசையைக் காக்கும். அதற்குப் புரதமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம், 70 கிலோ உள்ளவருக்கு 58 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. மூன்று வேளையும் இட்லி, சோறு, தோசை என்றே போனால் அந்த அளவை எட்டுவது கடினம். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, சுண்டல், பருப்பு, முட்டை, மீன், தயிர் இவற்றில் ஏதோ ஒன்றைக் கூட்டுங்கள். நான் யாருக்கும் சோற்றை நிறுத்தச் சொன்னதில்லை.

எடை மெஷினைவிட இஞ்ச் டேப்பை நம்புங்கள். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 சென்டிமீட்டர் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. மாதம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில், மூச்சை இழுக்காமல் அளந்து காலண்டரில் குறித்துவையுங்கள். முதல் மாதம் எடை அசையாமல் இருக்கலாம். அதைப் பார்த்து நிறுத்திவிட்டுப் போனவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவராக நீங்கள் ஆக வேண்டாம்.

அடுத்த அத்தியாயத்தில் தலைக்கு மேல் எடை தூக்கும் பயிற்சிகள் வருகின்றன. துண்டு நேராக நிற்க, நூறு ஸ்விங்கை முதுகு வலியில்லாமல் முடிக்கும்வரை அந்தப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். அதற்கு எட்டு வாரம் அல்ல, பதினாறு வாரம் ஆனாலும் சரி.